பிள்ளைகள் வாட்டுக்காக மரதன் ஓடுவது: என்.எச்.எஸ். இருக்கும்போது இது எதற்கு?

கேள்வி: 2025 ஜனவரி 9

லண்டனுக்கு வந்த நாளிலிருந்து வரி கட்டுகிறேன். என்.எச்.எஸ். என்ற அரசு வைத்திய சேவை இருக்கிறது, வைத்தியம் இலவசம் என்கிறார்கள். பிறகு ஏன் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் "பிள்ளைகள் வாட்டுக்காக ஓடுகிறேன், உதவி செய்யுங்கள்" என்று வட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்புகிறார்? அரசு செய்ய வேண்டியதை நாங்கள் ஏன் செய்ய வேண்டும்? கொடுக்க விருப்பம் என்றால் நேரே கொடுக்கலாமே. 42 கிலோமீட்டர் ஓடித்தான் ஆக வேண்டுமா?

ஜனவரி 9, இரவு

அப்படி இணைப்பு அனுப்பும் ஆக்களில் நானும் ஒருத்தி. அதனால் பதில் சொல்லாமல் போக மனமில்லை. ஏப்ரல் 27 லண்டன் மரதன் ஓடப் பதிந்திருக்கிறேன், என் மகன் படுத்திருந்த வாட்டுக்காக.

மகனுடைய மருந்து, அவனுக்கு ஏற்றிய அல்பியூமின் என்ற புரதம், இரத்தப் பரிசோதனை, சிறுநீரக நிபுணர், எல்லாம் என்.எச்.எஸ். கொடுத்தது. ஒரு பென்னி கேட்கவில்லை. நான் காசு சேர்ப்பது அவனுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மற்றக் கட்டிலுக்கு. சுவரிலிருந்து இழுத்து விரிக்கும் ஒடுங்கிய கட்டில், பெற்றோர் படுப்பதற்கு. நன்கொடையாகச் சேர்ந்த வாட் நிதியில் வாங்கியது என்று அதன் ஓரத்தில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதற்கு முதல் வேறொரு வைத்தியசாலையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடியே இரவுகளைக் கழித்தேன். இரண்டு இடத்திலும் பிள்ளைக்கு நல்ல வைத்தியம் கிடைத்தது. ஆனால் காலையில் டொக்டர் வந்து சொன்னதை விளங்கிக்கொண்டு, திருப்பிக் கேள்வி கேட்கும் நிலையில் நான் இருந்தது கட்டில் இருந்த இடத்தில்தான்.

ஏன் ஓட வேண்டும் என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். மகனை எழுப்பி மருந்து கொடுக்க வேண்டும்.

ஜனவரி 11

என்ன வருத்தம் என்று சிலர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். நெஃப்ரோடிக் சின்ட்ரோம். சிறுநீரகத்தில் இருக்கும் வடிகட்டி புரதத்தை ஒழுகவிட்டுவிடும். இரத்தத்தில் புரதம் குறைய, நீர் உடம்பில் தங்கி வீங்கும். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக வரும். காலையில் எழும்பும்போது கண் இரண்டும் வீங்கியிருக்கும், பின்னேரமாக வற்றிவிடும். வசந்த காலம் என்பதால் வீட்டில் எல்லாரும் அலர்ஜி என்றே நினைத்தோம், முதலில் பார்த்த டொக்டரும் அப்படித்தான் நினைத்தார். பிறகு வயிறு வீங்கியது, கால் வீங்கியது, ஒரு நாள் பள்ளிக்கூடக் காற்சட்டை இடுப்பில் ஏறவில்லை.

ஒரு குச்சியைச் சிறுநீரில் தோய்த்தால், புரதம் ஒழுகினால் மஞ்சள் நிறம் பச்சையாக மாறும், அவ்வளவு எளிய பரிசோதனை. பிள்ளையின் கண் காலையில் வீங்கிப் பின்னேரம் குறைகிறது என்றால் அந்தக் குச்சிப் பரிசோதனையைச் செய்யச் சொல்லி நீங்களாகவே கேளுங்கள். இந்த இழையில் வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் இதை வாசித்தால் போதும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்டீரொய்ட் மருந்து வேலை செய்யும். ஆனால் நோய் திரும்பத் திரும்ப வரும். காய்ச்சல், தடிமன் வந்தாலே எங்களுக்கு நெஞ்சு இடிக்கும். ஸ்டீரொய்ட் குடிக்கும் பிள்ளைக்கு நடுச்சாமத்திலும் பசிக்கும், அதோடு உப்பையும் குறைக்கச் சொல்வார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைச் சிப்ஸ் எல்லாம் நிறுத்தம். வாட்டில் பெற்றோர் அறையில் ஒரு பிரிட்ஜும் மைக்ரோவேவும் இருந்தபடியால் வீட்டிலிருந்து உப்புக் குறைத்த சோறும் பருப்பும் கொண்டுபோய் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தேன். அந்த இரண்டும் வாட் நிதியில் வாங்கியவைதான். பல வாட்களில் பிள்ளைக்குத்தான் சாப்பாடு, கூட நிற்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ இல்லை. கீழே கடைக்குப் போய்வரலாம் என்றால் பிள்ளையை யார் பார்ப்பது?

ஜனவரி 12

"அரசு செய்ய வேண்டியது" என்ற வாதம் மனதிலேயே நிற்கிறது. அதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடு.

இந்த நாட்டில் முதலில் வந்தது நன்கொடை, அரசு பிறகுதான் வந்தது. கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் பிள்ளைகள் வைத்தியசாலை 1852 பெப்ரவரி 14 அன்று வெறும் 10 கட்டிலோடு தொடங்கியது, எல்லாம் நன்கொடைக் காசு. 1858இல் காசு முட்டுப்பட்டபோது எழுத்தாளர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் ஒரு விருந்தில் பேசி ஒரே இரவில் 3,000 பவுணுக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார். 1948 ஜூலை 5 என்.எச்.எஸ். வந்த பிறகுதான் பிள்ளைக்கு வைத்தியம் செய்வது தருமம் என்ற நிலை மாறி உரிமை ஆனது. அந்த உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது. தாதிமார் போதவில்லை, மருந்து பிந்துகிறது, கூரை ஒழுகுகிறது என்றால் எம்.பி.க்கு எழுத வேண்டும், தெருவில் இறங்க வேண்டும். அதற்கு மரதன் ஓடக் கூடாது. இதில் கேள்வி கேட்ட அண்ணா பக்கம்தான் நான்.

ஆனால் பெற்றோர் வாட்டில் தங்குவது என்பது அரசு தானாகத் தந்த ஒன்றல்ல. 1950களில் இங்கே பல வைத்தியசாலைகளில் தாய் தகப்பன் பிள்ளையைப் பார்க்க வாரத்தில் குறிப்பிட்ட சில மணித்தியாலம்தான் விடுவார்கள். அம்மா வந்துபோனால் பிள்ளை அழும், வராவிட்டால் அமைதியாக இருக்கும் என்பதுதான் காரணம். 1959இல் சேர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, பெற்றோர் எந்த நேரமும் வந்துபோகலாம், சின்னப் பிள்ளைகளோடு தாய் தங்க இடம் வேண்டும் என்று அறிக்கை எழுதியது. அறிக்கை எழுதியும் பல வைத்தியசாலைகள் அசையவில்லை. 1961இல் லண்டனில் பட்டர்சீ பக்கத்துத் தாய்மார் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கி, வைத்தியசாலை வைத்தியசாலையாகக் கேட்டுக் கேட்டுத்தான் கதவு திறந்தது. உள்ளே போகும் உரிமை கிடைத்துவிட்டது. உள்ளே போன பெற்றோர் எதில் படுப்பது என்பதைப் பல இடங்களில் இன்றும் நன்கொடைதான் பார்த்துக்கொள்கிறது.

ஜனவரி 26

சரி, ஏன் ஓட்டம்.

லண்டன் மரதனில் ஓட ஆசைப்பட்டால் போய் நின்று ஓட முடியாது. குலுக்கல் நடக்கும். இந்த வருடத்துக்கு 840,318 பேர் விண்ணப்பித்தார்கள். கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி தொண்டு நிறுவனங்கள் வைத்திருக்கும் இடங்கள். அந்த இடத்தை நிறுவனம் சில நூறு பவுண் கொடுத்து வாங்கி, நீங்கள் இவ்வளவு சேர்த்துத் தருவேன் என்று ஒத்துக்கொண்டால் உங்களுக்குக் கொடுக்கும். அந்தத் தொகை பெரும்பாலும் 2,000 பவுணுக்குக் குறையாது. ஆகவே "நீ இலவசமாக ஓட நாங்கள் ஏன் காசு தர வேண்டும்" என்று சிலர் கேட்பது நியாயம்தான். இடத்துக்கான செலவையும் பதிவுக் காசையும் என் கையால் கட்டிவிட்டேன், நீங்கள் கொடுப்பது அப்படியே வாட்டுக்குப் போகட்டும் என்று. எல்லாராலும் அப்படிச் செய்ய முடியாது, செய்யாதவர்களைக் குறை சொல்லவும் இல்லை.

நேரே கொடுக்கலாமே என்பதற்கு: கொடுக்கலாம், தாராளமாகக் கொடுங்கள். ஓட்டம் இல்லாவிட்டால் நான் உங்களிடம் கேட்டிருப்பேனா என்பதுதான் கேள்வி. எங்கள் ஆக்களிடம் கோயிலுக்கு, ஊர்ச் சங்கத்துக்கு, பழைய மாணவர் சங்கத்துக்குக் கேட்பது வழமை, கேட்டால் கை நீட்டிக் கொடுப்பார்கள். ஆனால் என் பிள்ளைக்கு இப்படி ஒரு வருத்தம் என்று வெளியில் சொல்லவே எங்கள் வீடுகளில் தயக்கம். ஓட்டத்துக்கு ஒரு திகதி இருக்கிறது, ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காரணத்தைச் சொல்லும்போது வாய் திறக்கிறது. இதை இன்னும் யோசிக்க வேண்டும்.

பெப்ரவரி 8

கிஃப்ட் எயிட் பற்றித் தனியாக எழுதச் சொல்லி ஒரு அக்கா கேட்டார். இங்கே வரி கட்டும் ஒருவர் 20 பவுண் கொடுத்து, காசு கட்டும் பக்கத்தில் இருக்கும் கிஃப்ட் எயிட் பெட்டியில் சரி போட்டால் அரசு இன்னும் 5 பவுண் சேர்க்கும். ஒரு பவுணுக்கு 25 பென்ஸ். உங்கள் கையிலிருந்து மேலதிகமாக எதுவும் போகாது.

எங்கள் ஆக்கள் கொடுக்கும் முறையில் இது அடிக்கடி தவறிப்போகிறது. மாமா குடும்பத்தில் எல்லாரிடமும் வாங்கி ஒரே தொகையாகத் தன் கார்டில் கட்டுவார். அப்படிச் சேர்த்த காசுக்கு அவர் கிஃப்ட் எயிட் போட முடியாது, காசு யாருடையதோ அவர் பெயரில்தான் போட முடியும். ஆளாளுக்குத் தனித்தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள், 10 பவுண் என்றாலும் பரவாயில்லை.

இன்னொன்று ரோல்ஸ். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் மட்டன் ரோல்ஸ், பற்றிஸ், வடை விற்றுக் காசு சேர்த்தோம். ரோல்ஸ் வாங்கக் கொடுத்த காசு விலை, நன்கொடை ஆகாது, அதனால் அதற்கும் கிஃப்ட் எயிட் இல்லை. மிச்சக் காசை வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப்போனவர்களிடம் அடுத்த முறை இணைப்பைக் காட்டப் போகிறோம். ரோல்ஸ் பத்து மணிக்கே முடிந்துவிட்டது. அதைச் சுட்டுத் தந்த அக்காமார் விடிய முதலே எழும்பியவர்கள், வாட்டில் கட்டில் வந்தால் அதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

பெப்ரவரி 9

ஓய்வெடுத்த, வரி கட்டாத அம்மா அப்பாவை அந்தப் பெட்டியில் சரி போட வைக்க வேண்டாம். அந்த வருடம் அவர்கள் கட்டிய வரி, அரசு சேர்த்துக் கொடுக்கும் தொகையைவிடக் குறைவு என்றால் வித்தியாசத்தை அவர்களிடமே கேட்பார்கள். பெட்டியை வெறுமையாக விட்டுக் கொடுத்தால் போதும்.

பெப்ரவரி 23

படம். இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

காசு சேர்க்கும் பக்கத்தில் பிள்ளையின் படம் போட்டால் கூடுதலாகச் சேரும் என்று பலர் சொன்னார்கள். என்னிடம் படம் இருக்கிறது. முகம் வீங்கி, கையில் ஊசி செருகி, அப்படியும் சிரித்துக்கொண்டிருக்கும் படம். போடலாம் என்று முதலில் எண்ணினேன். பிறகு அவனுக்குப் பதினைந்து வயதாகும்போது, கூடப் படிக்கும் ஒருவன் அதைத் தேடி எடுத்தால் என்று யோசித்தேன். ஸ்டீரொய்டால் முகம் பருத்த பிள்ளைகளை மற்றப் பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். என் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, கதிரையில் நித்திரை கொள்ளாமல் இருந்தது என் கதை. அவனுடைய முகம் அவனுடையது. படம் போடவில்லை, பெயரும் போடவில்லை, விரித்த கட்டிலின் படத்தை மட்டும் போட்டேன்.

படம் போடும் பெற்றோரும் இருக்கிறார்கள். பிள்ளையை இழந்தவர்களுக்கு அந்தப் படத்தை உலகம் பார்க்க வேண்டும் என்று இருக்கும். அவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல நான் வரவில்லை.

மார்ச் 16

மகனுக்கு நோய் திரும்பிவிட்டது. குச்சி கரும்பச்சையாக மாறியது, தொடர்ந்து மாறியது. திரும்ப ஸ்டீரொய்ட். இந்த முறை வாட்டுக்குப் போக வேண்டி வரவில்லை, போன் பண்ணிக் கேட்டே சமாளித்தோம். பயிற்சி நின்றது. நீண்ட ஓட்டம் ஓட வேண்டிய கிழமை அது.

பயிற்சித் திட்டம் என்று இணையத்தில் கிடைப்பவை எல்லாம் ஒழுங்காக நித்திரை கொள்பவர்களுக்கு எழுதியவை. ஓட முடியாத நாளில் ஓடாதீர்கள், விட்டதை அடுத்த கிழமை சேர்த்து ஓடவும் வேண்டாம், காயம்தான் வரும். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஒரு தடவையாவது ஓடியிருந்தால் மிச்சத்தைப் போட்டியன்று பார்க்கலாம் என்று பழைய ஓட்டக்காரர் ஒருவர் சொன்னார், அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உடம்பில் சேமித்து வைத்த மாச்சத்து பெரும்பாலும் 30 கிலோமீட்டர் வாக்கில் தீர்ந்துவிடும், அதனால்தான் அந்த இடத்தில் பலரும் நின்றுவிடுகிறார்கள். ஆகவே பசிக்க முதலே, தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டு ஓட வேண்டும். கடையில் விற்கும் ஜெல் எனக்கு வயிற்றைப் பிரட்டியது. பேரீச்சம்பழம் ஒத்துக்கொண்டது. ஓட்டத்துக்கு முதல்நாள் சோறும் உருளைக்கிழங்கும், எண்ணெய், உறைப்பு குறைத்து.

மார்ச் 30

"இதெல்லாம் வெள்ளைக்காரப் பழக்கம், எங்களுக்குப் பொருந்தாது" என்று எழுதியவருக்கு மட்டும்.

யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் நிற்கும் புற்றுநோய் வைத்தியசாலை எப்படி வந்தது? 2011இல் இலங்கையின் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, ஏறக்குறைய 670 கிலோமீட்டர், ஒரு கூட்டம் நடந்தது. போர் முடிந்து இரண்டே வருடம். வழியெங்கும் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் சேர்ந்து நடந்தார்கள், பாதையோரத்தில் சனம் தண்ணீர் கொடுத்தது, காசு கொடுத்தது. அந்தக் காசில் எழும்பியது. 2016இல் அதே பாதையில் மறுபக்கமாக, பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு நடந்தார்கள், காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு நோயாளியைக் கூட்டிக்கொண்டு போய் நாட்கணக்காக நின்ற குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த நடை பொருந்தியதா இல்லையா என்று சொல்வார்கள்.

ஏப்ரல் 21

இன்னும் ஆறு நாள். மகன் நலம், குச்சி மஞ்சளாகவே நிற்கிறது. பார்க்க வருகிறோம் என்று சொன்னவர்களுக்கு: டவர் பிரிட்ஜில் நிற்க வேண்டாம், கூட்டத்தில் பிள்ளைகள் நசிந்துவிடுவார்கள். கனரி வோர்ஃப் தாண்டி, 30 கிலோமீட்டருக்குப் பிறகு எங்கேயாவது நில்லுங்கள். அங்கேதான் ஆள் தேவை.

ஏப்ரல் 28

ஓடி முடித்தேன். ஐந்து மணித்தியாலம் தாண்டிவிட்டது. படியிறங்க முடியவில்லை, அதனால் மேல்மாடியிலேயே இருந்து எழுதுகிறேன்.

நல்ல வெயில். கிரீனிச் பக்கத்தில் தொடங்கி கட்டி சார்க் கப்பல் வரும்வரை சனத்தின் சத்தத்திலேயே கால் போனது. எனக்கு முன்னால் ஒருவர், என் வயதுதான் இருக்கும், முதுகில் ஒரு பிள்ளையின் பெயரும் அதன் கீழே இரண்டு ஆண்டுகளும். இரண்டுக்கும் இடையில் நான்கே வருடம். அவருக்குப் பின்னாலேயே நெடுநேரம் ஓடினேன், தாண்டிப் போகவும் மனம் வரவில்லை, பக்கத்தில் போகவும் துணிவில்லை. என் பிள்ளை வீட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கிறான். டவர் பிரிட்ஜ் ஏற்றத்தில் அவர் நடக்கத் தொடங்கியபோது பக்கத்தில் போய் மகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டேன். சொன்னார். நோயைப் பற்றி மிகக் கொஞ்சம். அவளுக்குப் பிடித்த பாட்டு, அவள் தம்பியைக் கடித்தது, வாட்டில் தாதியின் கைக்கடிகாரத்தை ஒளித்து வைத்தது என்று நிறையச் சொன்னார். அழவில்லை, சிரித்துச் சிரித்துச் சொன்னார். இதைக் கேட்க ஆள் கிடைப்பதில்லை, ஆக்கள் அவள் பெயரைச் சொல்லவே பயப்படுகிறார்கள் என்றார்.

ஜனவரியில் பாதியில் விட்ட பதில் இதுதான் என்று நினைக்கிறேன். நேரே காசு கட்டியிருந்தால் வாட்டுக்கு அதே காசு போயிருக்கும். ஆனால் அவர் அந்தப் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு லண்டன் நடுவே போக வேறு எந்த நாளில் முடியும்? நான் இந்த இழையில் எழுதியதில் பாதியை என் சொந்த அக்காவுக்கே முன்பு சொன்னதில்லை.

மே 19

வாட் மேலாளர் தாதியோடு கதைத்தேன். காசு எதற்கு என்று நாங்கள் முடிவெடுக்க முதல் அவர்களைக் கேட்பது நல்லது. பொம்மை வேண்டாம் என்றார். பஞ்சு வைத்த பொம்மைகளைத் தொற்று நீங்கத் துடைக்க முடியாது, அலுமாரி நிறையக் கிடக்கிறதாம். கேட்டவை: பெற்றோர் கட்டிலுக்கு மெத்தை, துடைக்கக்கூடிய உறையோடு. இரவில் மற்றப் பிள்ளையை எழுப்பாத சின்ன வாசிப்பு விளக்கு. ஊசி போட முதல் பிள்ளையை விளையாட்டு மூலம் தயார்படுத்தும் நிபுணருக்குக் கூடுதல் மணித்தியாலங்கள். கடைசியாகச் சொன்னதன் அருமை எனக்குத் தெரியும். மகனுக்கு முதன்முதலில் ஊசி செருகியபோது நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு அந்த விளையாட்டு நிபுணர் ஒரு துணிப் பொம்மையின் கையில் அவனையே ஊசி செருகவிட்டார், மரத்துப்போகும் கிறீம் பூசி, அது வேலை செய்யும்வரை பொறுமையாகக் கூட இருந்தார். அடுத்த தடவை அவன் தானாகக் கையை நீட்டினான். பல இடங்களில் இவர்களின் சம்பளத்திலும் ஒரு பகுதி நன்கொடைதான். இது அரசு கட்ட வேண்டிய சம்பளம் என்பது என் எண்ணம், அதை எம்.பி.க்கும் எழுதியிருக்கிறேன். அரசு கட்டும்வரை காத்திருக்க ஊசி போடும் பிள்ளையால் முடியாது.

காசு சரியான இடத்துக்குப் போகிறதா என்று கேட்டவருக்கு: கேளுங்கள், கேட்டே ஆக வேண்டும். பெரிய வைத்தியசாலைத் தொண்டு நிறுவனங்களில் பொது நிதி ஒன்றும், வாட் வாட்டாகத் தனி நிதிகளும் இருக்கும். காசு சேர்க்கும் பக்கத்தில் வாட் நிதியின் பெயரை எழுதிச் சேர்த்த காசை வேறு எதற்கும் செலவழிக்கச் சட்டம் பொதுவாக விடாது. வெறுமனே வைத்தியசாலையின் பெயரை எழுதினால் அது பொது நிதிக்குத்தான் போகும். தொடங்க முதலே அவர்களிடம் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

அக்டோபர் 12

மெத்தைகள் வந்துவிட்டன. கிளினிக்குக்குப் போன இடத்தில் பார்த்தேன். விளக்குகள் இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருட லண்டன் மரதனில் ஓடியவர்கள் எல்லாருமாகச் சேர்த்தது 87.3 மில்லியன் பவுண். அடுத்த வருடக் குலுக்கலுக்கு 11 இலட்சத்துக்கும் மேல் விண்ணப்பம்.

ஜனவரியில் கேள்வி கேட்ட அண்ணா இப்போது தானும் ஓட யோசிப்பதாக எழுதியிருக்கிறார், தன் பேத்தி பிறந்தபோது கிடந்த குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்காக. அண்ணா, லண்டனையே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், இடம் கிடைப்பது கடினம், சேர்க்க வேண்டிய தொகையும் பெரிது. உங்கள் ஊரில் நடக்கும் 10 கிலோமீட்டர் ஓட்டம் போதும். டொக்டரிடம் இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். சப்பாத்து அரை அளவு பெரிதாக வாங்குங்கள். அந்தப் பிரிவின் தாதியிடம் முதலில் போய் என்ன வேண்டும் என்று கேளுங்கள், நிதியின் சரியான பெயரையும் எழுதி வாங்குங்கள். பக்கம் தொடங்கியதும் இணைப்பை இங்கே போடுங்கள். ரோல்ஸ் சுட அக்காமார் ஓம் என்று சொல்லிவிட்டார்கள்.